நிரலைத் திருத்தும் நிரல்: தாய் வகுப்பைக் கட்டும் வழி

2024 ஜனவரி 1ஆம் திகதி இலங்கையில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. அப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், சில்லறைக் கடைகளுக்கான பற்றுச்சீட்டு மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் இருந்தேன். வரிவீதம் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அதுவோ பல ஆண்டுகளாகப் பல கைகள் எழுதிய கோப்புகளில் 0.15 என்ற எண்ணாகச் சிதறிக் கிடந்தது. ஆண்டிறுதி அவசரத்தில் எல்லாக் கோப்புகளிலும் 0.15ஐத் தேடி 0.18ஆக மாற்றிவிட்டோம். வரி சரியாகத்தான் விழுந்தது. கூடவே, 15 சதவீத விலைக்கழிவு தர வேண்டிய இடங்களிலும் 18 சதவீதம் கழிந்தது. தைப்பொங்கல் விற்பனைக் கணக்கைப் பார்த்தபோதுதான் அது தெரியவந்தது. 15ஐ 100ஆல் வகுத்து எழுதியிருந்த இடங்களோ தேடலில் அகப்படவே இல்லை. அங்கே பழைய வரியே தொடர்ந்தது.

ஒரு 0.15 வரியா, கழிவா என்பதை அது நிற்கும் இடம்தான் சொல்லும். அந்த இடத்தை அறிய வேண்டுமென்றால் நிரலை, அதன் அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் தொடரியல் மரமாகப் பிரித்து, அந்த மரத்தின் உறுப்பான ஒவ்வொரு கணுவையும் அதன் சுற்றத்தோடு பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து மூலநிரலைத் தானே திருத்தும் சிறு நிரல்களை இங்கே 'மாற்றி' என்று அழைக்கிறேன். ஒரு மாற்றியை எழுதியவர் விரைவில் பத்து எழுதுவார். பத்தும் சேய் வகுப்புகளாக மரபுரிமை பெறுவதற்குப் பொதுவான ஒரு தாய் வகுப்பு இல்லையென்றால், பத்தும் பத்து விதமாகப் பிழைக்கும்.

இந்த வழிகாட்டி, பைதன் மொழியில் வகுப்பு, மரபுரிமை, கோப்பு வாசிப்பு ஆகியவற்றை ஓரளவு அறிந்த புதியவர்களுக்கானது. நான் சொல்லும் வகுப்புப் பெயர்களையும் முறைப் பெயர்களையும் தமிழிலேயே தருகிறேன். பைதன் 3 தமிழ் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்றுக்கொள்வதால், விரும்பினால் அப்படியே பயன்படுத்தலாம்.

முதல் படி: தாய் வகுப்பை முதலில் எழுதாதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். வெறும் திரையின் முன் அமர்ந்து, வருங்காலத்தில் வேண்டியிருக்கும் எல்லாவற்றையும் ஊகித்து, இருபது முறைகள் கொண்ட ஒரு தாய் வகுப்பை எழுதுவார்கள். முதல் சேய் வகுப்பை எழுதும்போதே அதில் பதினைந்து வேண்டாதவை என்று தெரியவரும்.

முதலில் மூன்று மாற்றிகளைத் தனித்தனி நிரல்களாக எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்ட மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, மேலே சொன்ன வற் வரி. இரண்டாவது, தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்க்கும் இடங்கள்: பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்துமாகப் பத்து இடம், 2016 முதல் வழங்கப்படும் புதியது பன்னிரண்டு எண்கள். நீளம் பத்தா என்று மட்டும் கேட்கும் வரிகள் பழைய நிரல்களில் இன்னமும் உண்டு. மூன்றாவது, சோதனைகள் எழுத உதவும் பைதனின் யுனிட்டெஸ்ட் தொகுதியில் 'அஸேர்ட்ஈக்குவல்ஸ்' என்ற பழைய பெயர். பல காலம் எச்சரிக்கையோடு இருந்து, 3.12ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அதைக் கடைசி 'ஸ்' இல்லாத பெயராக மாற்ற வேண்டும்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று போதிய அளவு வேறுபட்டவை. முதலாவதில் எண்ணை மாற்றுகிறோம், இரண்டாவதில் ஒப்பீட்டை, மூன்றாவதில் பெயரை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். மூன்றிலும் திரும்ப வரும் வரிகள் தாய்க்குரியவை. ஒன்றில் மட்டும் வருவது சேய்க்குரியது.

இரண்டாம் படி: வேலையைப் பிரியுங்கள்

வீட்டில் முறுக்கு உரலைப் பார்த்திருப்பீர்கள். உரலும் பிடியும் ஒன்றே. அடியிலுள்ள தட்டை மாற்றினால் முறுக்கு, ஓமப்பொடி, இடியப்பம் என்று வடிவம் மாறும். தட்டைச் செய்பவர் அழுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நிரலாளர்கள் 'டெம்ப்ளேட் மெத்தட்' என்று அழைக்கும் வடிவமைப்பு முறை இதுவேதான்: வேலையின் ஒழுங்கு தாயிடம் நிலையாக இருக்கும், நடுவில் ஓரிரு இடங்கள் மட்டும் சேய் நிரப்புவதற்காகத் திறந்திருக்கும்.

நான் கடைப்பிடிக்கும் பங்கீடு இது: பிழைத்தால் பொறுக்க முடியாத வேலைகள் எல்லாம் தாயிடம். எதை, எதுவாக மாற்றுவது என்ற ஒரே கேள்வி சேயிடம்.

தாய் வகுப்பில் 'ஓட்டு' என்ற ஒரு முறை இருக்கும். கோப்பை வாசிப்பது, மரமாகப் பிரிப்பது, கணுக்களை ஒவ்வொன்றாகச் சேயிடம் காட்டுவது, திருத்தங்களைச் சேர்ப்பது, சரிபார்ப்பது, எழுதுவது ஆகிய அனைத்தும் அதற்குள். சேய் வகுப்பு அதைத் தொடக் கூடாது. தொட வேண்டிய தேவை சேய்க்கு வந்தால், தாயின் வடிவமைப்பில் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள்.

சேய் தர வேண்டியவை நான்கே. 'பெயர்', 'விளக்கம்' என்று இரண்டு சரங்கள். விளக்கம் கட்டாயம், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து அந்த மாற்றியை வேறொருவர் ஓட்டுவார். 'தேவையா' என்ற முறை கோப்பின் உள்ளடக்கத்தைப் பெற்று, இந்தக் கோப்பைப் பிரித்துப் பார்க்கும் அவசியம் உண்டா என்று விரைவாகச் சொல்லும். அஸேர்ட்ஈக்குவல்ஸ் என்ற சொல்லே இல்லாத கோப்பை மரமாக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைசியாக 'கணுவைப்_பார்'. ஒரு கணுவையும் அதன் சூழலையும் பெற்று, தீர்ப்புச் சொல்லும் முறை. மாற்றியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: தீர்ப்பு மூன்று வகை

'கணுவைப்_பார்' எதைத் திருப்பித் தர வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லக் கூடாது. பைதனோடு வந்த இரண்டு கருவிகளே இதில் எதிரெதிராக நடந்தன. நிரலைத் தொடரியல் மரமாக்கும் ஏ.எஸ்.டி. தொகுதியிலுள்ள நோட்ட்ரான்ஸ்ஃபார்மர் என்ற தாய் வகுப்பில், சேய் 'நன்' என்ற வெறுமையைத் திருப்பித் தந்தால் அந்தக் கணு அழிக்கப்படும். பைதன் 2 நிரல்களை 3க்கு மாற்ற உதவிய லிப்2டு3 தொகுதியின் பேஸ்ஃபிக்ஸ் என்ற தாய் வகுப்பிலோ, அதே 'நன்' வந்தால் மாற்றம் இல்லை என்று பொருள். பைதனில் திருப்பித் தரும் வரியை மறந்தால் முறை தானாகவே 'நன்' தரும். அதாவது முதல் வகுப்பில் ஒரு வரியை மறந்த புதியவரின் நிரல், பிறருடைய மூலநிரலிலிருந்து பகுதிகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். லிப்2டு3 பைதன் 3.13இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் அதன் இந்த ஒரு முடிவு சரியானது என்பதே என் கருத்து.

வெறுமைக்குப் பொருள் தராதீர்கள். தீர்ப்புக்கென்று மூன்று சிறு வகுப்புகளை உருவாக்குங்கள்: 'விடு', 'மாற்று', 'கேள்'. சேய் இவற்றில் ஒன்றைத் தந்தே ஆக வேண்டும். 'நன்' வந்தால் தாய் உடனே பிழை எழுப்ப வேண்டும்.

'விடு' என்றால் இந்தக் கணுவுக்கும் எனக்கும் தொடர்பில்லை. 'மாற்று' என்றால் இதன் இடத்தில் இந்த எழுத்துகளை வை. மூன்றாவதான 'கேள்' என்பதை ஆயத்தக் கருவிகள் பலவற்றில் காண முடிவதில்லை. எனக்கு அதுதான் முதன்மையானது. இது நான் தேடிய ஒன்றைப் போல இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒரு மனிதர் பார்க்கட்டும் என்று மாற்றி சொல்லும் இடம் அது. அதோடு ஒரு காரணமும் எழுத வேண்டும்.

வற் வரிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 0.15 என்ற எண், பெயரில் 'வற்' உள்ள மாறிக்குத் தரப்பட்டிருந்தால் 'மாற்று'. விலைக்கழிவைக் கணக்கிடும் சார்புக்குள் இருந்தால் 'விடு'. மொத்த விலையோடு வெறுமனே பெருக்கப்பட்டு, சுற்றியுள்ள பெயர்கள் எதுவும் சொல்லாவிட்டால் 'கேள்'. அந்த டிசெம்பரில் எங்களிடம் இந்த மூன்றாவது தீர்ப்பு இருந்திருந்தால், பொங்கல் கணக்கு அப்படிப் போயிருக்காது.

எதுவாக மாற்றுவது என்பதிலும் நிதானம் வேண்டும். 0.15ஐ 0.18ஆக மாற்றினால் அடுத்த வீத மாற்றத்தில் மறுபடி இதே வேலை. அது மட்டுமன்று; 2022இல் ஜூன் மாதம் 12 சதவீதமாகவும் செப்டெம்பரில் 15ஆகவும் உயர்ந்த வரி இது. பழைய பற்றுச்சீட்டுக்குப் பொருள் திரும்பி வந்தால், வாங்கிய நாளின் வீதம்தான் வேண்டும். ஆகவே அந்த எண்ணின் இடத்தில் 'வற்_வீதம்' என்ற சார்பை, பற்றுச்சீட்டின் திகதியோடு அழைக்கும்படி மாற்றுங்கள். திகதி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடம் என்றால், அதுவும் 'கேள்'.

நான்காம் படி: எழுத்துகளைப் பைட்களாகப் பாருங்கள்

மரத்தை மாற்றி, பிறகு அந்த மரத்திலிருந்து நிரலை மீண்டும் எழுதலாமே என்று தோன்றும். பைதன் 3.9 முதல் அதற்கு 'அன்பார்ஸ்' என்ற சார்பும் உண்டு. ஆனால் ஏ.எஸ்.டி. மரத்தில் குறிப்புரைகளும் வெற்றிடங்களும் இல்லை. திரும்பி வரும் கோப்பில் பழையவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் அத்தனையும் போயிருக்கும். ஒரு வரியைத் திருத்தப்போய்க் கோப்பு முழுவதும் மாறியதாக, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் காட்டும். அதை யாரும் வாசித்துச் சரிபார்க்க முடியாது.

மரத்தைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். திருத்தத்தை மூல எழுத்தில், அந்தக் கணு தொடங்கி முடியும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். கணு எங்கே முடிகிறது என்பதையும் பைதன் 3.8 முதல் ஏ.எஸ்.டி. தருகிறது. வரி எண் 1இல் தொடங்கும், வரிக்குள் எத்தனையாவது இடம் என்று சொல்லும் நிரல்வரிசை எண் 0இல் தொடங்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

தமிழர்களும் சிங்களவர்களும் எழுதும் நிரல்களில் கட்டாயம் அகப்படும் பொறி ஒன்று இங்கே இருக்கிறது. ஏ.எஸ்.டி. தரும் நிரல்வரிசை எண், எழுத்துகளின் எண்ணிக்கை அன்று, எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூ.டி.எஃப்-8இன் பைட்களின் எண்ணிக்கை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலம் மட்டும் உள்ள கோப்புகளில் வேறுபாடு தெரியாது. தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'விலை' என்ற சொல் யூனிகோட் கணக்கில் நான்கு குறியீடு: வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி. பைட் கணக்கில் பன்னிரண்டு. ஒரே வரியில் முதலில் 'விலை' என்ற சரமும் பிறகு 0.15உம் வந்தால், எழுத்துக் கணக்கில் வெட்டுபவர் எட்டு இடம் தள்ளி வெட்டுவார். மும்மொழியிலும் பற்றுச்சீட்டு அச்சிடும் மென்பொருளில் இப்படிப்பட்ட வரிகளுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளவத்தையில் நான் வழிகாட்டிய ஒரு தம்பி இரண்டு நாள் இதோடு போராடினார். அவருடைய மாற்றி ஆங்கிலக் கோப்புகளில் பிசகாமல் ஓடியது. தமிழ் வந்த வரிகளை மட்டும் சிதைத்தது.

தீர்வு எளிது. தாய் வகுப்பு கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை யூ.டி.எஃப்-8 பைட்களாகவே வைத்திருக்கட்டும். வெட்டுவதும் ஒட்டுவதும் பைட்களில். இதனால் இன்னொரு நன்மையும் கூடவே கிடைக்கிறது: பைதனில் சரத்தை வரிகளாகப் பிரிக்கும் முறை, பக்கமுறிவுக் குறி போன்றவற்றையும் வரி முடிவாக எண்ணிவிடும், பைட்களைப் பிரிக்கும் முறை உண்மையான வரி முடிவுகளை மட்டுமே எடுக்கும். மரத்தின் வரி எண்ணும் உங்கள் வரி எண்ணும் ஒத்துப்போகும். கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி (குறியாக்கத்தைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத பைட்கள்) இருந்தால் அதைப் பிரித்து வைத்துவிட்டு, எழுதும்போது திரும்பச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் வரி முடிவுகளை அப்படியே விட வேண்டும்.

திருத்தங்களைக் கோப்பின் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிச் செய்யுங்கள். முன்னிருந்து தொடங்கினால், முதல் திருத்தம் நீளத்தை மாற்றியவுடன் அடுத்தவற்றின் இடங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். இரண்டு திருத்தங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், தாய் அந்தக் கோப்பைத் தொடாமல் 'கேள்' பட்டியலில் சேர்க்கட்டும். எஃப்-சரங்களுக்குள் இருக்கும் கணுக்களுக்கும் 3.12க்கு முந்திய பதிப்புகளில் அதையே செய்யுங்கள். அவற்றின் இடங்கள் நம்பத்தக்கவையாக இருக்கவில்லை.

ஐந்தாம் படி: சூழல்

சேய்க்குக் கணுவை மட்டும் கொடுத்தால் போதாது. ஏ.எஸ்.டி. கணுவுக்குத் தன் பிள்ளைகளைத் தெரியும், பெற்றோரைத் தெரியாது. 0.15 எந்தச் சார்புக்குள் இருக்கிறது என்று அதனிடமே கேட்க முடியாது. ஆகவே தாய் வகுப்பு, கணுக்களைச் சேயிடம் காட்டத் தொடங்கும் முன்பே மரம் முழுவதையும் ஒருமுறை சுற்றி, ஒவ்வொரு கணுவுக்கும் பெற்றோர் யார் என்ற அட்டவணையைத் தயாரித்து, 'சூழல்' என்ற பொருளில் வைத்துக் கொடுக்க வேண்டும். பெற்றோர், சூழ்ந்திருக்கும் சார்பின் பெயர், கோப்பில் எந்தப் பெயர் எங்கிருந்து இறக்குமதியானது ஆகிய மூன்றும் போதும்.

சூழலுக்கு ஒரு சேவையும் வேண்டும்: 'இறக்குமதி_சேர்'. 'வற்_வீதம்' என்ற சார்பைப் புதிதாக அழைத்தால், கோப்பின் தலையில் அதை இறக்குமதி செய்யும் வரி தேவை. முன்பே இருந்தால் மறுபடி சேர்க்கக் கூடாது. கோப்பின் விளக்கச் சரத்துக்குப் பிறகு, 'ஃபியூச்சர்' இறக்குமதிகள் இருந்தால் அவற்றுக்கும் பிறகு வைக்க வேண்டும். ஃபியூச்சர் வரிக்கு முன் வேறு இறக்குமதி வந்தால் பைதன் கோப்பையே ஏற்காது. இந்த நுணுக்கத்தை ஒவ்வொரு சேயும் எழுதினால் யாரேனும் ஒருவர் தவறுவார்.

அடைப்புக்குறியும் தாயின் பொறுப்பே. பெருக்கலுக்குள் இருக்கும் ஓர் எண்ணின் இடத்தில் கூட்டல் ஒன்றை வைத்தால் கணக்கின் ஒழுங்கு மாறிவிடும். மாற்றாக வரும் துண்டைத் தாய் தனியாகப் பிரித்துப் பார்த்து, அது செயற்குறி கொண்ட கோவையானால் அடைப்புக்குறிக்குள் இட வேண்டும்.

ஆறாம் படி: எழுதும் முன் மூன்று காவல்

திருத்திய பைட்களை மறுபடி மரமாக்கிப் பாருங்கள். ஆகாவிட்டால் அந்தக் கோப்பை அப்படியே விட்டு, பிழையைப் பதிவுசெய்து, அடுத்த கோப்புக்குப் போங்கள். ஒரு கோப்பின் பிழையால் ஓட்டம் முழுவதும் நின்றுவிடக் கூடாது.

அடுத்து, அதே மாற்றியைத் திருத்திய உள்ளடக்கத்தின் மேல் இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை ஒரு திருத்தமும் வரக் கூடாது. வந்தால் மாற்றி தன் வேலையைத் தானே அடையாளம் காணவில்லை என்று பொருள். ஓட்டும் ஒவ்வொரு முறையும் கோப்பு வளரும். அடையாள அட்டை மாற்றியில் எனக்கு இது நேர்ந்தது. நீளம் பத்தா என்ற ஒப்பீட்டை, 'பத்து அல்லது பன்னிரண்டு' என்று இரண்டு ஒப்பீடுகளாக விரித்தேன். அந்த இரண்டில் ஒன்று மறுபடியும் 'நீளம் பத்தா' தான். இரண்டாம் ஓட்டத்தில் அதுவும் விரிந்தது. பிறகு ஒப்பீட்டையே எடுத்துவிட்டு, ஒரு சரிபார்க்கும் சார்பை அழைக்கும்படி மாற்றினேன்.

மூன்றாவது காவல், எழுதும் விதம். இயல்புநிலையில் மாற்றி எதையும் எழுதக் கூடாது. வேறுபாட்டை மட்டும் காட்ட வேண்டும். எழுது என்று வெளிப்படையாகக் கேட்டால் மட்டுமே எழுத வேண்டும். அப்போதும் கோப்பின் மேல் நேரே எழுத வேண்டாம். அதே அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி முடித்து, ஓ.எஸ். தொகுதியின் 'எஃப்சிங்க்' சார்பால் அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, பிறகு அதே தொகுதியின் 'ரீப்ளேஸ்' சார்பால் பெயரை மாற்றி இடத்தில் வையுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். பாதியில் மின்சாரம் போனாலும் பழைய கோப்போ புதிய கோப்போ முழுதாக இருக்கும். பாதிக் கோப்பு மிஞ்சாது.

ஏழாம் படி: சோதனைக்கும் ஒரு தாய்

மாற்றிகளைச் சோதிக்கவும் ஒரு தாய் வகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். சேய் எழுதுபவர் 'முன்', 'பின்' என்று இரண்டு துண்டு நிரல்களை மட்டும் தருவார். தாய் அதே இணையைத் தானாகவே வேறு வேடங்களிலும் ஓட்டிப் பார்க்கும்: விண்டோஸ் வரி முடிவோடு, வரிக்கு மேலும் கீழும் குறிப்புரையோடு, அதே வரியில் ஒரு தமிழ்ச் சரத்தோடு. அந்தத் தம்பியின் இரண்டு நாளை இந்தக் கடைசி வேடம் காப்பாற்றியிருக்கும்.

'மாறக் கூடாதவை' என்ற பட்டியலையும் கட்டாயமாக்குங்கள். வற் மாற்றிக்கு அதில் முதலில் இருக்க வேண்டியது 15 சதவீத விலைக்கழிவு.

தாயிடம் சேர்க்கக் கூடாதவை

ஒரே ஒரு சேய்க்கு மட்டும் பயன்படும் உதவி முறையைத் தாயிடம் வைக்காதீர்கள். இரண்டாவது சேயும் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். சேயின் வகையைப் பார்த்து வேறுவிதமாக நடக்கும் நிபந்தனை தாய்க்குள் வந்தால், அன்றே அதை வெளியே எடுங்கள். மரபுரிமையை ஒரு தலைமுறையோடு நிறுத்துங்கள். மாற்றிக்குச் சேய், அந்தச் சேய்க்கு இன்னொரு சேய் என்று போனால் எந்த முறை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதிலேயே பொழுது போகும்.

ஆயத்தக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாதா என்று கேட்பீர்கள். பயன்படுத்தலாம். குறிப்புரையையும் வெற்றிடத்தையும் மரத்திலேயே வைத்திருக்கும் லிப்சிஎஸ்டி பைதனுக்கு உண்டு. அது இன்ஸ்டகிராமில் உருவானது. ஜாவாவுக்கு ஓப்பன்ரீரைட், பிஎச்பிக்கு ரெக்டர். மூன்றிலும் சேய் நிரப்ப வேண்டிய தாய் வகுப்புகள் இருக்கின்றன. பெரிய வேலைக்கு நானும் அவற்றைத்தான் எடுப்பேன். சொந்தமாக ஒன்றைக் கட்டியவருக்கு, அந்தத் தாய் வகுப்புகள் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பது வாசித்தவுடன் புரியும்.

முதல் ஓட்டம்

கிட்டில் கமிட் செய்யாத மாற்றம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். முதலில் பத்துக் கோப்புகளில், எழுதாமல் ஓட்டுங்கள். வேறுபாடுகளை வரி வரியாக வாசியுங்கள். பிறகு முழு அடைவிலும், அப்போதும் எழுதாமல். மூன்றாவது முறைதான் எழுத வேண்டும். ஒரு மாற்றிக்கு ஒரு கமிட். அதில் கையால் செய்த திருத்தம் எதையும் கலக்காதீர்கள்.

பிறகு 'கேள்' பட்டியலை எடுங்கள். கோப்பு, வரி, அந்த வரியின் எழுத்து, மாற்றி சொன்ன காரணம் என்று நான்கு பத்திகளில் அச்சிட்டு, கணக்குப் பிரிவில் அந்தக் கணக்கை நன்கு அறிந்தவரிடம் கொண்டுபோய் அவர் பக்கத்தில் அமருங்கள். ஒவ்வொரு வரியிலும் இது எதற்கான தொகை என்று கேளுங்கள். அவர் வரி என்றால் வரி, கழிவு என்றால் கழிவு. அவர் சொன்னதைச் சேயின் விதியாக எழுத முடிந்தால் எழுதி, கழிவு என்று அவர் சொன்ன இடத்தை 'மாறக் கூடாதவை' பட்டியலிலும் சேர்த்து, மாற்றியை மறுபடி ஓட்டுங்கள். விதியாக எழுத முடியாதவற்றைக் கையால் திருத்தித் தனிக் கமிட்டில் வையுங்கள்.